மழை வாரமும் பூட்டிய பீரோவும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கார்த்திகையில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டு வடக்கே நகர்ந்த வாரம், எங்கள் தெருவில் காற்று பெரிதாக இல்லை. மழைதான். சிங்கப்பூரிலிருந்து தம்பி மகன் போன் செய்தான். "அத்தை, பத்திரமா இருக்கீங்களா? என்ன பண்றீங்க?" என்றான். "அம்புலிமாமா படிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றேன். சிரித்தான். "எழுபது வயசுல அம்புலிமாமாவா? நியூஸ் பாருங்க அத்தை."

நியூஸ் பார்த்துவிட்டுத்தான் அதைக் கையில் எடுத்தேன். இலங்கை மலையகத்தில் மண் சரிந்து கிடந்த காட்சியை ஒரே நாளில் பத்து தடவை காட்டினார்கள். பத்து தடவையும் பார்த்தேன். பதினோராவது தடவை நான் பார்ப்பதால் அங்கே யாருக்கும் ஒரு பிடி சோறு போய்ச் சேரப்போவதில்லை. தூக்கம் மட்டும்தான் போகும்.

அவன் சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு எண்ணம் இருக்கிறது. குழந்தைப் புத்தகம் என்பது வளர்ந்ததும் கழற்றிப் போடுகிற சட்டை, ஊரே அல்லாடுகிற நேரத்தில் அதை எடுப்பது விவரம் இல்லாத வேலை என்கிற எண்ணம். முப்பத்துநாலு வருடம் வகுப்பறையில் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இது தப்பான எண்ணம். அதனால் நடக்கிற நஷ்டமும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கஜா வாரத்தைச் சொல்ல வேண்டும்.

2018 நவம்பர் 14, குழந்தைகள் தினம். 16-ஆம் தேதி விடியுமுன் வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று தென்னையையும் மின்கம்பத்தையும் முறித்துக்கொண்டே மேற்கே வந்தது. விழுந்த மின்கம்பங்கள் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் என்றார்கள். மறுநாள் கார்த்திகை பிறந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தோடு ஒப்பிட்டால் நமக்கு அடி குறைவு. அப்படியும் எங்கள் தெருவுக்கு நாலாம் நாள்தான் கரண்ட் வந்தது. பால் ஒரு நாள் வந்தால் ஒரு நாள் இல்லை. பேப்பர் இல்லை. போன் செத்துக் கிடந்தது. பள்ளிக்கூடம் கிடையாது. அதைவிட, பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று சொல்ல ஆள் கிடையாது.

தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் எங்கள் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். திண்ணை உயரம், தண்ணீர் ஏறாது. முதல் நாள் தாயம், பல்லாங்குழி. இரண்டாம் நாள் சண்டை. மூன்றாம் நாள் நான் மச்சில் ஏறி, என் தம்பிகள் விட்டுப்போன தகரப் பெட்டியை இறக்கச் சொன்னேன். அம்புலிமாமா இருபது, முப்பது இதழ். முத்து காமிக்ஸ் ஒரு கட்டு. மாஸ்கோவில் அச்சடித்து நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் நம் ஊர்வரை வந்த ருஷ்யப் படக்கதைகள் கொஞ்சம். அட்டை போன கோகுலம் சில. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் நாலைந்து.

அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பக்கங்களைப் பிரித்தபோதுதான் ஒரு சின்ன விஷயம் எனக்கு உறைத்தது. குழந்தைப் புத்தகத்தில் எழுத்து பெரிது, வரி சின்னது, இரண்டு பக்கத்துக்கு ஒரு படம். அந்த வெளிச்சத்தில் கண்புரை ஆபரேஷன் செய்த என் கண்ணுக்கும் அது தெரிந்தது. அலமாரியில் இருந்த பெரிய நாவல்கள் தெரியவில்லை. தத்துவம் பேசுவதற்கு முன்னால் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும், இல்லையா?

பிள்ளைகள் எதை எடுத்தார்கள் என்று கவனித்தேன். வாத்தியார் புத்தி, விடாது. பெட்டியில் நீதிக்கதைத் தொகுப்புகள் மூன்று இருந்தன. ஒருவரும் தொடவில்லை. ஒரு பையன் எடுத்துப் புரட்டிவிட்டு, "இது பாடம் மாதிரி இருக்கு டீச்சர்" என்று வைத்துவிட்டான். விக்கிரமாதித்தன் கதையை மூன்று பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தார்கள். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் அந்த வேதாளக் கதை ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும், ஒரே மாதிரிதான் முடியும். ராஜா மௌனம் கலைவான், வேதாளம் மறுபடி மரத்துக்குப் போகும். தோளில் பிணத்தோடு வாளேந்தி நிற்கும் அந்த ராஜாவை வரைந்த ஓவியர் சங்கர், 2020-இல் மறைந்தார். சின்ன வயதில் எனக்கு இந்தத் திரும்பத் திரும்ப வருவது சலிப்பாக இருந்தது. அந்த வாரம் இல்லை. பால் வருமா தெரியாது, பஸ் ஓடுமா தெரியாது, வேதாளம் மரத்துக்குப் போகும் என்பது மட்டும் நிச்சயம்! அது போதுமாக இருந்தது.

பிள்ளைகளை விடுங்கள். நான் சொல்ல வந்தது எதிர்வீட்டுப் பெரியவரைப் பற்றி. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலங்குடி பக்கம் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு. அப்பா வைத்தது பாதி, அவர் வைத்தது பாதி. ஐம்பது, அறுபது வருஷத்து மரங்கள். புயலுக்கு மறுநாள் மகன் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரே வார்த்தைதான் சொன்னானாம், "எதுவும் நிக்கலப்பா." மனுஷன் அழவில்லை, பேசவில்லை. சாயங்காலம் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். என்ன ஆறுதல் சொல்வது? தென்னை காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டுமா?

பக்கத்தில் கிடந்த முத்து காமிக்ஸை எடுத்தார். இரும்புக்கை மாயாவி. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த முதல் கதையே அவர்தான். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். என் தம்பிகள் அதற்காகச் சாப்பாட்டை மறந்தவர்கள். பெரியவர் விளக்குப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்தார். மூடி வைத்துவிட்டு, "நம்ம ஊரா இருந்தா மாயாவி மறையவே முடியாது டீச்சர். கரண்ட் எங்கே இருக்கு?" என்றார். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த என் மருமகள் பயந்துபோய் ஓடி வந்தாள்.

அடுத்த இரண்டு இரவும் வந்தார். "இதுக்கு அடுத்தது இருக்கா?" என்று மட்டும் கேட்பார். தோப்பைப் பற்றி ஐந்தாம் நாள்தான் வாயைத் திறந்தார். அப்போதுதான் அழுதார்.

புத்தகம் அவர் துக்கத்தைத் தீர்த்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். மரம் போனது போனதுதான். ஆனால் துக்கத்தை நேருக்கு நேர் பார்க்கிற தெம்பு வரும்வரை மனசு உட்கார ஒரு இடம் வேண்டியிருக்கிறது. உறவுக்காரர்கள் வந்து பேசுகிற பேச்சு பல நேரம் அந்த இடத்தைத் தருவதில்லை. "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பார்கள். காமிக்ஸ் அப்படியெல்லாம் சொல்லாது.

இதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. ஆறுதல் தருகிற குழந்தைப் புத்தகமும் புத்தி சொல்கிற குழந்தைப் புத்தகமும் வேறு வேறு ஜாதி. நம் ஊரில் இரண்டாவதைத்தான் பரிசாக வாங்கிக் கொடுக்கிறோம். ஆண்டு விழா மேடையில் நானே நூற்றுக்கணக்கில் என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், தேர்ந்தெடுத்தது நிர்வாகம். நல்ல குழந்தைப் புத்தகத்தில் ஆபத்து நிஜமாகவே இருக்கும். பிள்ளை தொலையும், வீடு போகும், ஓநாய் வரும். அதோடு கூடவே நடக்க ஒருவரும் இருப்பார். டோட்டோ-சான் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ரயில் பெட்டிகளில் நடந்த அந்த அருமையான பள்ளிக்கூடம் கடைசியில் குண்டு வீச்சில் எரிந்துபோகிறது. தெருவில் நின்று அதைப் பார்க்கிற தலைமையாசிரியர், அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று யோசிக்கிறார். தலைமையாசிரியர்களுக்கு அந்த ஒரு பக்கத்தையாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.

இப்படி எழுதினவர்களில் பலர் கெட்ட காலத்தில் உட்கார்ந்து எழுதினவர்கள். 1939 குளிர்காலத்தில் பின்லாந்துமீது சோவியத் படை பாய்ந்தபோது, தூவே யான்சன் என்ற ஓவியப் பெண்மணி தன் முதல் மூமின் கதையைத் தொடங்கினார். வெள்ளத்துக்கு நடுவே ஒரு அம்மாவும் பிள்ளையும் காணாமல்போன அப்பாவைத் தேடிப் போகிற கதை. போர் முடிந்த 1945-இல்தான் அது புத்தகமாக வந்தது.

யெல்லா லெப்மன் என்று ஒரு அம்மையார். ஜெர்மனியைச் சேர்ந்த யூதப் பத்திரிகையாளர். நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து போனவர், போர் முடிந்ததும் திரும்பி வந்தார். ஊர்கள் இடிந்து கிடக்கின்றன, ரொட்டிக்கு வரிசை நிற்கிறது. இவர் இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார்: எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் நாட்டுக் குழந்தைப் புத்தகங்களை அனுப்புங்கள் என்று. பெல்ஜியம் முதலில் முடியாது என்றது. இரண்டு தடவை ஜெர்மனியிடம் அடி வாங்கிய நாடு, கோபம் இருக்காதா? மறுபடி எழுதிக் கேட்டு வாங்கினார். 1946-இல் மியூனிக்கில் கண்காட்சி வைத்தார். அதோடு ஒரு கதையைத் தானே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, செய்தித்தாள் அடிக்கிற காகிதத்தில் 30,000 பிரதிகள் அடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். என்ன கதை தெரியுமா? சண்டைக்குப் போக மறுத்து மரத்தடியில் உட்கார்ந்து பூ வாசம் பிடிக்கிற பெர்டினாண்ட் என்ற காளையின் கதை. சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் காளையை அறிமுகப்படுத்த வேண்டும். விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நாலு பேராவது காளை பக்கம் சேருவார்கள்.

வெளிநாடு வரை ஏன் போக வேண்டும், நம் வாசலிலேயே ஒருவர் இருந்தார். கஜா போன புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் ராயவரம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922 நவம்பர் 7-இல் அங்கே பிறந்தார். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு எழுதினார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. அதே ராயவரத்துக்காரரான சக்தி வை. கோவிந்தனும் கூட நின்றார். செட்டிநாட்டில் பிறந்து பாங்கில் வேலை பார்த்தவர் வட்டிக் கணக்கோடு நிற்காமல் அணிலுக்கும் யானைக்கும் பாட்டு எழுதினார் என்பதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை இருக்க வேண்டாமா? அவர் போன விதம் தெரியுமா? 1989 மார்ச் 16, மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில், குழந்தை இலக்கியத்தைப் பாடமாக வைக்க வேண்டும் என்று வாதாடிய இடத்திலேயே மயங்கி விழுந்து இறந்துபோனார். அன்று அவர் கேட்டது சின்னக் கோரிக்கை. இன்றைக்கும் பி.எட். படிக்கிற பிள்ளையிடம் போய், பத்து தமிழ்க் குழந்தைப் புத்தகம் பெயர் சொல்லு என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, நஷ்டம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

புயல் வந்தால் பள்ளிக்கூடம்தான் முகாம். தாழ்வான பகுதி ஜனங்கள், குடிசைக்காரர்கள் குழந்தை குட்டியோடு வகுப்பறையில் படுப்பார்கள். பெஞ்சை ஓரம் தள்ளிப் பாய் விரிப்பார்கள். சாப்பாட்டுப் பொட்டலம், போர்வை, கொசுவத்தி, பிஸ்கட் எல்லாம் வரும். வர வேண்டும், முதலில் அதுதான். பசித்த பிள்ளைக்குப் படக்கதை நீட்டுகிற பைத்தியம் நான் இல்லை. ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கிறது. வெளியே மழை. அப்பா வீடு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போயிருக்கிறார், அம்மா பேயடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிற அதே அறையில், சுவரோரம் ஒரு இரும்பு பீரோ. அதற்குள் கதைப் புத்தகங்கள். பீரோ பூட்டி இருக்கும். சாவி தலைமையாசிரியரிடம். அவர் மழையில் மாட்டிக்கொண்டு எங்கோ இருப்பார்.

ஒரு இடத்தில் நான் என் கண்ணால் பார்த்தது இது. எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது முக்கியம் இல்லை. பூட்டியவரைக் குறை சொல்லவும் மாட்டேன். ஏன் பூட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நூலகப் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் இருப்புப் பதிவேட்டில் எண் உண்டு. மாறுதலில் போகும்போதும் ஓய்வு பெறும்போதும் பதிவேட்டை வைத்து எண்ணி ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் கைக்காசு. முப்பது ரூபாய்ப் புத்தகத்துக்காக ஓய்வூதியப் பேப்பர் நின்றுவிடுமோ என்று பயந்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகள்மீது அன்பு இல்லாதவர்கள் இல்லை. பிள்ளை கையில் போகாத புத்தகம்தான் பத்திரமான புத்தகம் என்று அந்த முறை அவர்களுக்குப் பாடம் எடுத்துவிட்டது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கல்வித்துறை வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற என நாலு படிநிலையில் அழகழகான சின்னப் புத்தகங்களைக் கொடுத்திருக்கிறது. படமும் நன்றாக இருக்கிறது, மொழியும் பிள்ளைகள் பேசுகிற மொழி. தேன்சிட்டு, ஊஞ்சல் இதழ்கள் வருகின்றன. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் இதில் கால்வாசி இருந்திருந்தால் ஆடியிருப்போம். ஆகவே நான் கேட்பது புதுத் திட்டம் இல்லை. பள்ளி முகாமாக மாறுகிற நாளில் கதைப் புத்தக பீரோவும் திறக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி. அந்த நாட்களில் கிழிந்ததையும் தொலைந்ததையும் ஆசிரியர் தலையில் கட்டாமல் கழித்துக்கொள்ளலாம் என்று இன்னொரு வரி. உங்களில் இரண்டு பேர் வருவாய்த்துறையில் இருக்கிறீர்கள், ஒருவர் கல்வித்துறையில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு லைக் மட்டும் போட்டால் டீச்சருக்குக் கோபம் வரும்.

"இப்போ எல்லார் கையிலும் போன் இருக்கே டீச்சர், கார்ட்டூன் போட்டுக் கொடுத்தா போச்சு" என்று சிலர் சொல்வீர்கள். போனுக்கு நான் எதிரி இல்லை, இதைப் போனில்தான் டைப் அடிக்கிறேன். ஆனால் முகாமில் ஒரு போன், பத்து பிள்ளை, சார்ஜ் நாற்பது சதவீதம். அதையும் அப்பா அம்மா அழைப்புக்காகப் பொத்தி வைத்திருப்பார்கள். அழுகிற அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெரிய பிள்ளை சின்னதுக்கு வாசித்துக் காட்டினால், அம்மா காதிலும் அது விழும்.

உறவுகளுக்கு ஒன்று. நம் செட்டிநாட்டு வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறக்கிறீர்கள். பங்கு பிரிக்கும்போது பர்மாத் தேக்கு, வெண்கலம், பீங்கான் எல்லாவற்றுக்கும் விலை பேச ஆள் வருகிறது. மச்சில் கிடக்கிற பழைய பத்திரிகையை மட்டும் கிலோ கணக்கில் எடைக்குப் போடுகிறீர்கள். பக்கத்து ஊர் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர், அப்படிப் போகிற காகிதத்தை எல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார். லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட அந்தச் சேகரிப்பை, 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதுதான் இன்றைக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நீங்கள் நூலகம் கட்ட வேண்டாம். எடைக்காரனைக் கூப்பிடுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடியில் உங்கள் ஐயாவோ அப்பச்சியோ பென்சிலில் பெயர் எழுதி வைத்த குழந்தைப் புத்தகம் ஒன்றாவது இருக்கும்.

பழசு கரையான் அரித்திருந்தால் புதுசு வாங்குங்கள். தமிழில் இப்போது நல்ல காலம். பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. உதயசங்கர், யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன் மூவரும் சாகித்ய அகாதெமியின் பால புரஸ்கார் விருது வாங்கியவர்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நீதிக்கதை வேண்டாம், ப்ளீஸ்.

நான் இப்போது செய்துகொண்டிருப்பது சின்ன வேலை. பிஸ்கட் டப்பா அளவில் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, தண்ணீர் புகாது. ஒவ்வொன்றிலும் பதினைந்து, இருபது புத்தகம், ஒரு சின்ன டார்ச், இரண்டு பென்சில், வெள்ளைத்தாள். பதிவேடு கிடையாது, எண் கிடையாது, திருப்பித் தர வேண்டியதும் இல்லை. நாலு பெட்டி தயார். இரண்டு, ஊருக்கு வெளியே தாழ்வாக இருக்கிற பகுதியில் அங்கன்வாடி அம்மாக்களிடம் கொடுத்தாகிவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் மாயாவிப் புத்தகங்களில் மறுபதிப்பாக வந்த மூன்றைத் தன் செலவில் வாங்கி ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார். அவர் தோப்பில் வைத்த புதுக்கன்று இப்போது பாளை விட ஆரம்பித்திருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஐந்து புத்தகம் கொண்டுவந்தால் இன்னும் ஆறு பெட்டி கட்டலாம். படித்த புத்தகமும் சரிதான், பக்கம் முழுசாக இருந்தால் போதும். மாலை நாலு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். காப்பியும் வெள்ளைப் பணியாரமும் உண்டு. வெறுங்கையோடு வந்தால் காப்பி மட்டும்.